ஸ்டீரொயிட்டைக் குறைக்கும்போது வரும் உளைவு

கேள்வி: எனக்கு 46 வயது, ஊர் களுவாஞ்சிக்குடி. ரூமட்டொயிட் மூட்டுவாதத்துக்கு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையை 20 மில்லிகிராமில் தொடங்கி எட்டு மாதத்தில் 7.5க்கு வந்துள்ளேன். கிழமைக்கொருக்கால், மூட்டுவாதத்தை அடக்கும் மெதோட்ரெக்சேட்டும் உண்டு. இப்போது உடம்பெல்லாம் உளைவு. வருத்தம் திரும்புகிறதா? முகம் ஊதியிருக்கிறது, முடி கொட்டுகிறது. இன்டர்நெட்டில் வாசித்துப் பயந்து இரண்டு நாள் குளிசையை விட்டேன், தலைசுற்றியது. சந்தையில் வாங்கிய மூட்டுச் சூரணமும் குடிக்கிறேன்.

பதில்: இனி ஒரு நாள்கூடக் குளிசையை விடாதீர்கள். மூன்று, நான்கு கிழமைக்கு மேல் ஸ்டீரொயிட் போட்டால், சிறுநீரகத்துக்கு மேலேயுள்ள அதிரீனல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீரொயிட்டான கோர்ட்டிசோலைச் சுரப்பதைக் குறைத்துவிடும். அது செத்துப்போகாது, பெரும்பாலும் மெல்ல எழும்பும். உடம்பின் அன்றாடத் தேவை ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம். நீங்கள் அந்த எல்லையை நெருங்கிவிட்டதால் இப்போது உளையலாம்.

குறைத்த சில நாளில் தசையெல்லாம் உளைந்து, களைத்து, மூட்டு வீங்காமல் இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டீரொயிட் குறைவதன் உளைவு; ஓரிரு கிழமையில் அடங்கும். பழைய விரல் மூட்டுகளே வீங்கி, காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் வருத்தம் கிளம்புகிறது. அப்போது கிளினிக்கில் சொல்லுங்கள். அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து மெதோட்ரெக்சேட்டின் அளவை மாற்றுவார்கள். நீங்களாக 20க்கு ஏறாதீர்கள்.

7.5இலிருந்து 5க்கு இறங்குவது மூன்றிலொரு பங்கை ஒரேயடியாக வெட்டுவது. 1 மில்லிகிராம் குளிசை கிடைத்தால் நான்கு கிழமைக்கு 1 வீதம் குறைக்கலாம். கிடைக்காவிட்டால் ஒருநாள் 7.5, மறுநாள் 5 என்று நான்கு கிழமை போய்ப் பிறகு 5க்கு வரலாமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். 5க்குக் கீழே போகும்போது, அன்றைய குளிசைக்கு முன் காலை கோர்ட்டிசோல் இரத்தப் பரிசோதனை உதவும். குளிசை எப்போதும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது சத்திக்குத்தான். காய்ச்சல் வந்தால் குளிசையை இரட்டிப்பாக்கி, காய்ச்சல் விட்டதும் பழைய அளவுக்கு வரலாம். இதை இப்போதே கிளினிக்கில் உறுதிசெய்து வையுங்கள். காய்ச்சல் நாட்களில் மெதோட்ரெக்சேட்டை நிறுத்துவது பற்றியும் கேளுங்கள். குளிசை போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொரு தடவை போடுங்கள். அதுவும் வெளியே வந்தால், அல்லது எழும்பும்போது கண் இருண்டு, வயிறு வலித்து, அரைமயக்கமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் 100 மில்லிகிராம் ஊசியாகத் தேவைப்படும். ஸ்டீரொயிட் போடுபவர் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள், கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

மட்டக்களப்பில் மாரி மழையோடு டெங்கும் வரும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். பாமசியில் கேட்டு டிக்ளோஃபெனாக் என்ற நோமருந்தை வாங்காதீர்கள்: டெங்கில் இரத்தம் கசியலாம், ஸ்டீரொயிட்டோடு சேர்ந்தால் குடற்புண்ணும் வரும்.

முகத்தின் ஊதல் அளவு குறையக் குறைய, சில மாதத்தில் வடியும். முடி கொட்டுவது மெதோட்ரெக்சேட்டாலும் இருக்கலாம்; அதற்கு ஃபோலிக் அசிட் விற்றமின் குளிசையை ஒழுங்காகப் போடுங்கள், மெதோட்ரெக்சேட் போடும் நாளில் வேண்டாம்.

அந்தச் சூரணம்? லேபல் இல்லாத மூட்டுப் பொடிகளில் டெக்ஸாமெதசோன் என்ற வலுவான ஸ்டீரொயிட்டைக் கலப்பது புதிதல்ல. அப்படியிருந்தால் நீங்கள் எண்ணும் 7.5 உண்மையான 7.5 அல்ல, பொடியைத் திடீரென விட்டாலும் தலைசுற்றும். எத்தனை நாளாகக் குடிக்கிறீர்கள் என்ற கணக்கோடு பொட்டலத்தை இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.