நாற்காலி தூக்கவா நாடகத்துக்குப் போவது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

நான் திருச்சியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கல்லூரியில் நாடகம் போட்டிருக்கிறேன், கல்யாணத்துக்குப் பிறகு எல்லாம் நின்றுபோனது. போன வருடம் இங்கே ஒரு சின்ன நாடகக் குழுவில் சேர்ந்தேன். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஒத்திகை. நடிக்கத்தான் போனேன். புது நாடகத்தில் எனக்குப் பாத்திரம் இல்லை, ப்ராப்பர்ட்டியும் (மேடையில் பயன்படுத்தும் பொருள்கள்) உடைகளும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் இயக்குநர். சரி என்றேன். இப்போது அது வீட்டிலிருந்து சொம்பு, தட்டு, பழைய வேட்டி எடுத்துப்போவது, நாற்காலி நகர்த்துவது, எல்லாருக்கும் டீ வாங்கி வருவது என்று ஆகிவிட்டது. அழைப்பிதழில் என் பெயர் இல்லை. "நாற்காலி தூக்கவா ஞாயித்துக்கிழமை வீட்டை விட்டுட்டுப் போறே?" என்று மாமியார் கேட்கிறார். அடுத்த நாடகம் வரை காத்திருக்கட்டுமா, விலகிவிடட்டுமா? மேடைக்குப் பின்னால் நிற்பதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை பாத்திரம் கிடைக்காதவர்களுக்குச் சொல்லும் ஆறுதலா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, கொடுத்த வேலை சின்ன வேலை என்பது. இன்னொன்று, உங்களை அங்கே சின்ன ஆளாக நடத்துகிறார்கள் என்பது. இரண்டாவது நியாயமான வருத்தம், அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலாவது சரியில்லை என்று நினைக்கிறேன், அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடுவதற்கு முன்னால் இளங்கோ என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அரங்குக்கு எப்படிப்பட்ட இடம், அளவுகோலுக்கு எப்படிப்பட்ட மூங்கில், அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று கணக்கு, அப்புறம் மூன்று வகைத் திரைகள். இதற்கு நடுவில், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்குகளை வைத்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியை எப்போது படித்தாலும் எனக்கு சந்தோஷமாக இருக்கும். யாரோ ஒருவர் ஒவ்வொரு விளக்காகத் தள்ளித் தள்ளி வைத்து, நிழல் எங்கே விழுகிறது என்று நின்று பார்த்திருக்கிறார். அவர் பெயர் காவியத்தில் இல்லை. ஆனால் அவர் செய்த வேலையைச் சொல்லாமல் மாதவியை மேடையில் ஏற்ற இளங்கோவுக்கு மனம் வரவில்லை.

தெருக்கூத்து விடிய விடியப் பார்த்திருப்பீர்களா தெரியாது. துரியோதனன் வரும்போது நேராக வந்து நிற்க மாட்டான். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்குப் பின்னால் நின்று அவன் பாடுவான், குதிப்பான், நமக்குத் தெரிவது மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய காலும்தான். பார்க்கிறவர்களுக்கு ஆவல் ஏறிக்கொண்டே போகும். அந்தத் துணியைப் பிடிக்கிற இரண்டு பேருக்கும் பாட்டு தெரிந்திருக்க வேண்டும், அவன் எந்தப் பக்கம் சாய்வான், எந்த அடியில் துணி விலக வேண்டும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் எடுத்தாலும் துரியோதனனின் வருகை வெறும் வருகையாகிவிடும். அவர்கள் பாத்திரம் கிடைக்காமல் துணி பிடிக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களா?

உங்கள் வேலையும் இதே வகைதான், ஆனால் அதை நீங்கள்தான் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் இயக்குநரிடம் நாடகத்தின் முழுப் பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள். பிரதி இல்லாமல் ப்ராப்பர்ட்டி பார்க்கிறவர் எடுபிடியாகத்தான் இருக்க முடியும். காட்சி வாரியாக எந்தப் பொருள், யார் கையில், எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போகிறது, எந்தப் பக்கமாக வெளியே வருகிறது என்று எழுதுங்கள். எழுதும்போதே நாடகத்தில் யாரும் கவனிக்காத ஓட்டைகள் உங்களுக்குத் தெரியவரும். இரண்டாம் காட்சியில் அவர் இடது பக்கம் கொண்டுபோன கடிதம் மூன்றாம் காட்சியில் வலது பக்கத்திலிருந்து எப்படி வருகிறது? நடிக்கிறவர்களுக்கு அவரவர் பங்குதான் தெரியும். இது உங்களுக்குத்தான் தெரியும்.

நாடகத்தன்று மேடையோரத்தில் ஒரு மேசை போட்டு, வெள்ளைத் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கட்டம் வரைந்து பெயர் எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தால் பொருள் இல்லை என்று அரை இருட்டில்கூட ஒரு பார்வையில் தெரிந்துவிடும். உலகம் முழுக்க நாடகக்காரர்கள் செய்வது இதைத்தான், செலவு ஒரு தாளும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும். மேடையில் விளக்கு அணையும் நேரத்தில் நாற்காலி எங்கே வைக்க வேண்டும் என்பதற்குத் தரையில் துண்டு துண்டாக ரேடியம் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நடிகர் இருட்டில் வந்து உட்காருவார். நாற்காலி அங்கே இருக்கும் என்ற நம்பிக்கையில் உட்காருவார். அந்த நம்பிக்கை உங்கள் மேல். நாற்காலி தூக்குவது என்றால் அதுதான், உங்கள் மாமியாரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

உடை மாற்றுவது இன்னும் நுட்பம். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு பெண் புடவை மாற்ற வேண்டும் என்றால், கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்து, இடுப்பில் கொக்கி வைத்து, எந்த வரிசையில் கழற்றி எந்த வரிசையில் மாட்டுவது என்று அவரோடு சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும், ஆமாம், உடை மாற்றுவதற்கே தனி ஒத்திகை. அந்த நடிகை மூச்சு வாங்காமல் மேடைக்குத் திரும்பிப் போகிறாரா என்பது உங்கள் கையில் இருக்கிறது. விளக்குக்காரரிடமும் போய் உட்காருங்கள். ஆயிரம் வாட் பார் விளக்கு (PAR என்கிற மேடை விளக்கு) ஒன்று 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் 15 ஆம்பியர் பிளக் ஒன்றில் மூன்றுக்கு மேல் மாட்டக் கூடாது என்பது மாதிரி விஷயங்களை அவர்தான் சொல்வார். பழைய மண்டபங்களில் இது தெரியாமல் நாடகம் நடத்துவது ஆபத்து.

நம்மூரில் வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் போடுவது நேற்று வந்ததில்லை. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் படித்த, உத்தியோகம் பார்க்கிற ஆட்கள். பிறகு 1970-களின் கடைசியில் வந்த நவீன நாடகக் குழுக்களான கூத்துப்பட்டறை, பரீக்‌ஷா, மதுரையில் நிஜ நாடக இயக்கம் எல்லாம் பெரிய பணம் இல்லாமல் ஆட்களின் உழைப்பில் நின்றவை. பழைய தொழில்முறை நாடகக் குழுவான நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி மாதிரி காட்சி ஜோடனைக்கென்றே ஆள் வைத்துக்கொள்ள இந்த மாதிரிக் குழுக்களுக்கு வசதி கிடையாது. செட்டுக்கு ஆணி அடிக்கவும் போஸ்டர் ஒட்டவும் அதே நாலு பேர்தான். உங்கள் குழுவும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

நடிப்பு? அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒத்திகை முழுக்க மேடையோரத்தில் நிற்கிறவருக்கு எல்லாருடைய வசனமும் மனப்பாடம் ஆகிவிடும், ஒரே காட்சியை இயக்குநர் ஏன் திரும்பத் திரும்ப மாற்றுகிறார் என்பதும் விளங்கிவிடும். நடிகருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. ஆனால் பாத்திரம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் இந்த வேலையைச் செய்தால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கசக்கும். அடுத்த நாடகத்தில் நடிக்க விருப்பம் என்று இயக்குநரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவராகப் புரிந்துகொள்வார் என்று இருக்காதீர்கள்.

இப்போது இரண்டாவது வருத்தம். டீ வாங்குவது ப்ராப்பர்ட்டி வேலையில் சேராது. குழுவில் யாரும் முறை வைத்து வாங்கலாம், கதாநாயகன் உட்பட. பெண் என்பதால் அது உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். கைக்காசு போட்டு வாங்கியதற்கு ரசீது வைத்துக்கொண்டு பணத்தைக் கேளுங்கள், வீட்டிலிருந்து கொண்டுபோன சொம்புக்கும் தட்டுக்கும் பொறுப்பு யார் என்று கேளுங்கள், நாடகத்தன்று எல்லாம் ஏற்றி முடித்துக் கிளம்ப நள்ளிரவு ஆகும், வீடு வரை கொண்டுவிடுவது யார் என்றும் கேளுங்கள். அழைப்பிதழில் அரங்கப் பொருள், உடை என்று போட்டுப் பக்கத்தில் உங்கள் பெயர் வர வேண்டும். அச்சாகிவிட்டது என்றால் நாடகம் முடிந்து எல்லாரையும் மேடைக்கு அழைக்கும்போது உங்களையும் அழைக்க வேண்டும். இவ்வளவையும் கேட்ட பிறகும் இயக்குநர் சிரித்து மழுப்பினால் இந்த நாடகத்தை முடித்துக்கொடுத்துவிட்டு விலகுங்கள், வேறொரு குழுவில் போய் இதே வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.