ரொமேரோவுக்கு முன்பு இருந்தவர்

அன்புள்ள ஐயா,

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் பேராயராக இருந்த ஆஸ்கர் ரொமேரோவைப் பற்றி ஒரு படம் பார்த்தேன். பழமைவாத ஆயராக இருந்தவர், நண்பரான பாதிரியார் ருதிலியோ கிராந்தே சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்த உடலருகே நின்ற ஒரே இரவில் வேறு மனிதராகிவிடுகிறார். ஒருவர் அப்படி மாற முடியுமா? ஏழைகளின் விடுதலையே நற்செய்தியின் மையம் என்னும் விடுதலை இறையியல், மார்க்சியத்தின் மறுவடிவம் என்பதை ஏற்கிறீர்களா? கடைசியாக ஒன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என் தம்பி பாதிரியாராகப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்து பாதியில் திரும்பிவிட்டான். வீட்டில் எங்களுக்கு அவமானம். அங்கே தன்னை யாரும் ஓர் ஆளாகவே பார்க்கவில்லை என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

ஜே.

அன்புள்ள ஜே.,

மார்க்சியக் கேள்வியை விட்டுவிடுகிறேன். அதைக் கேட்பவர்களில் பலர் மார்க்ஸையும் படித்ததில்லை, பைபிளையும் படித்ததில்லை.

ஆனால் அந்த 'ஒரே இரவு' கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. படம் எடுப்பவர்களுக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, அவர்களுக்கு அது வசதி. உங்களுக்கு என்ன அவசரம்? 1975ல், ரொமேரோ சாந்தியாகோ தெ மரியாவின் ஆயராக இருந்தபோதே, த்ரெஸ் கையெஸ் ஊரில் தேசியக் காவல்படை விவசாயிகளைக் கொன்றது. அவர் நேரில் போய்ப் பார்த்தார். வெளியே எதுவும் பேசாமல் அதிபருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார். மாற்றம் அப்போதே தொடங்கியிருக்காதா? அந்தக் கடிதத்தை எழுதியவர் அதன்பின் எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்?

சரி, நான் சொல்ல வந்தது ரொமேரோவைப் பற்றி இல்லை. அவருக்கு முன்பு 38 வருடம் அதே பேராயர் நாற்காலியில் இருந்தவரைப் பற்றி. லூயிஸ் சாவெஸ் இ கொன்சாலெஸ். 1938ல் நியமனம், 1977 பிப்ரவரியில் ஓய்வு. பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் இல்லை. எவர் கடிதத்திலும் இருப்பதில்லை.

எல் பைஸ்னால் என்ற சின்ன ஊரின் பங்கை, அதாவது அந்த ஊர்த் திருச்சபையை, அவர் பார்வையிடப் போனபோது ருதிலியோவுக்கு 12 வயது. தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்த ஏழைப் பையன். அவனைக் கவனித்து, தலைநகரில் இருந்த குருமடத்துக்கு வரச் சொன்னவர் சாவெஸ்தான். எங்கள் ஊருக்கும் ஆயர் வருவார். நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் வேடிக்கை பார்க்க ஓடுவேன். பேண்டு வாத்தியம், வாழைமரம், வெடி. உறுதிபூசுதல் என்ற சடங்குக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு, அப்புறம் மதியச் சாப்பாடு, அப்புறம் கார். அந்த வரிசையில் நின்ற ஒரு பையனின் முகமாவது அவருக்கு ஞாபகம் இருந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன்.

சாவெஸ் பெரிய பேச்சாளர் இல்லை. விவசாயிகளுக்குக் கூட்டுறவு தேவை என்று நினைத்தார், அதைக் கற்றுவரப் பாதிரியார்களை வெளிநாட்டுக்கு அனுப்பினார். 1966ல் பொதுநிலையினரின், அதாவது பாதிரியார் அல்லாத சாதாரண விசுவாசிகளின், சமூகப் பொறுப்பு பற்றி மறைமாவட்டத்துக்கு ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதினார். சுவாரசியம் இல்லாத வேலைகள்தான், யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் 1977 மார்ச் 12 அன்று, அகிலாரெஸிலிருந்து எல் பைஸ்னாலுக்குப் பூசை வைக்கப் போன ருதிலியோவை வழியில் சுட்டார்கள். கூட வந்த மனுவேல் சொலோர்சானோ என்ற பெரியவரும், நெல்சன் ருதிலியோ லேமுஸ் என்ற 16 வயதுப் பையனும் செத்தார்கள். அடுத்த வார ஞாயிறு, மறைமாவட்டம் முழுக்க மற்றப் பூசைகளை நிறுத்திவிட்டுப் பேராலயத்தில் ஒரே பூசை என்று ரொமேரோ முடிவெடுத்தார். வத்திக்கான் தூதர் எதிர்த்தார். பாதிரியார்கள் அவரோடு நின்றார்கள். ரொமேரோ பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, பாதிரியார்களில் பலர் அவர் வருவதை விரும்பியதும் இல்லை. அந்தப் பாதிரியார்கள் சாவெஸின் காலத்தில் உருவானவர்கள். ரொமேரோ தனியாக எழுந்து நின்றதாகச் சொல்பவர்கள், அவர் எந்தத் தரைமேல் நின்றார் என்று குனிந்து பார்க்க வேண்டாமா?

ரொமேரோ 2018ல் புனிதரானார். ருதிலியோவும் அந்த இருவரும் 2022ல், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். சாவெஸ் 1987ல் வயதாகி இறந்தார், அவ்வளவுதான்.

தம்பியைப் பற்றி 'அவமானம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ருதிலியோவுக்குக் குருமாணவராக இருந்தபோதே மனம் நொறுங்கிப் போயிருக்கிறது. 1959ல் குருப்பட்டம் பெற்றபோதும், தான் இதற்குத் தகுதியா என்ற சந்தேகம் தீரவில்லை. அப்படிப்பட்டவரையும் விடாமல் வைத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். உங்கள் தம்பிக்கு இல்லை. இதில் வெட்கப்பட வேண்டியது அவனா?

அவனுக்கு எதுவும் சொல்லாதீர்கள். கொஞ்ச நாள் தூங்கட்டும், அப்புறம் வேலை தேடட்டும். முக்கியமாக, நான் எழுதியதை அவனிடம் காட்டாதீர்கள். திரும்பி வந்தவன் கையில் ஒரு மறைசாட்சியின் கதையைக் கொடுத்தால் குத்திக்காட்டுவதாகத்தான் படும்.