சாப்பாட்டு அறையும் புது லென்ஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வீட்டின் உட்புறத்தைப் படமெடுப்பது பற்றி வந்த கேள்விகளில் சாப்பாட்டு அறை தொடர்பானவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறோம். நடுவில் ஒரு பெரிய மேஜை, சுற்றிலும் நாற்காலிகள், தலைக்கு மேல் விளக்கு, ஒரு பக்கம் ஜன்னல் என்று படமெடுப்பவருக்கு எல்லாச் சிக்கலையும் ஒரே இடத்தில் தரும் அறை இது.

கேள்வி: கிராப் சென்சார் (படம் பதிவாகும் சில்லு சிறியதாக உள்ள) கேமராவுக்கு 10-18 எம்எம் லென்ஸ் (எண் குறையக் குறைய அதிக அகலம் தெரியும்) வாங்கியிருக்கிறேன். 10 எம்எம்மில் அறை முழுக்க வந்துவிடுகிறது. ஆனால் முன்னால் இருக்கும் நாற்காலி பூதாகாரமாகத் தெரிகிறது. ஓரத்தில் தொங்கும் உருண்டை விளக்கு முட்டை வடிவத்துக்கு இழுபடுகிறது. லென்ஸில் கோளாறா?

கோளாறு இல்லை. நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு விஷயங்கள். தனித்தனியாகப் பார்த்தால்தான் தீர்வு கிடைக்கும்.

நாற்காலி பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் நீங்கள் நிற்கும் தூரம். பக்கத்து நாற்காலி கேமராவிலிருந்து 60 செ.மீ. தள்ளியும், எதிர்ப்பக்க நாற்காலி 240 செ.மீ. தள்ளியும் இருந்தால், பக்கத்தில் இருப்பது நான்கு மடங்கு பெரிதாகப் பதிவாகும். எந்த லென்ஸைப் போட்டாலும் அந்த இடத்திலிருந்து இதே விகிதம்தான். ஒரு மீட்டர் பின்னால் போய்ப் பாருங்கள். தூரங்கள் 160, 340 ஆகிவிடும். வித்தியாசம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆகவே டிரைபாடை முதலில் வாசற்படியிலோ, முதுகு சுவரில் படும்படி மூலையிலோ வையுங்கள். ஜூமைப் பிறகு தொடுங்கள். வைடு லென்ஸ் வாங்கியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: 10 எம்எம்மில் வைத்துக்கொண்டு மேஜையை நோக்கி நடக்கிறார்கள்.

எவ்வளவு அகலம் படத்தில் வரும் என்பதை எடுப்பதற்கு முன்பே கணக்கிடலாம். சென்சாரின் அகலத்தை எம்எம் எண்ணால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். கிராப் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ.; கேனானில் 22.3. மூன்று மீட்டர் தூரத்தில் 16 எம்எம் சுமார் 4.4 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 10 எம்எம் ஏழு மீட்டரைப் பிடிக்கும். பெரும்பாலான சாப்பாட்டு அறைகளுக்கு 14 முதல் 16 வரை போதும்.

விளக்கு இழுபடுவது வேறு கதை. நேர்கோடுகளை நேராகவே காட்டும் எந்த வைடு லென்ஸும் அதற்கு விலையாக ஓரங்களை இழுக்கும். 10 எம்எம்மில் பக்க ஓரத்தில் இருக்கும் ஓர் உருண்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாகிவிடும். 16 எம்எம்மில் கால் பங்குதான் கூடும். மென்பொருளில் இருக்கும் லென்ஸ் திருத்தம் இதைச் சரிசெய்யாது. அது கோடுகள் வளைவதை மட்டுமே நிமிர்த்தும். எனவே விளக்கு, குடம், கிண்ணம் போன்ற உருண்டைப் பொருள்களைப் படத்தின் நடுப்பகுதிக்குள் கொண்டுவாருங்கள். ஓரங்களில் கதவுச் சட்டம், திரைச்சீலை, வெறும் சுவர் இருக்கட்டும். இவை இழுபட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் நாற்காலியை அறைக்கு வெளியே எடுத்து வைத்துவிடுவதும் நல்லது. படத்தில் ஒரு நாற்காலி குறைந்ததை யாரும் கவனிக்கமாட்டார்கள். மேஜை மட்டும் முழுசாகத் தெரியும்.

கேள்வி: நின்றபடி எடுக்கிறேன். சுவரும் ஜன்னலும் கீழே குறுகி மேலே விரிந்து தெரிகின்றன. ஏன்?

மேஜை தெரிய வேண்டும் என்று கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்க்கிறீர்கள், அதனால்தான். சென்சார் சுவருக்கு இணையாக நிமிர்ந்து நின்றால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். சாய்ந்த மறுகணம் அவை ஒன்றை நோக்கி ஒன்று சரியத் தொடங்கும். லென்ஸ் எவ்வளவு வைடோ, சரிவும் அவ்வளவு கண்ணை உறுத்தும்.

கேமராவைச் சாய்க்காமல் உயரத்தை மாற்றுங்கள். சாப்பாட்டு மேஜை பொதுவாக 75 செ.மீ. உயரம், நாற்காலி முதுகு 90 முதல் 100 செ.மீ. வரும். லென்ஸை 115 முதல் 125 செ.மீ.க்குள் வைத்தால் நாற்காலி முதுகுக்கு மேலாக மேஜைப் பரப்பு தெரியும். ஒரு மீட்டருக்குக் கீழே இறக்கினால் மேஜை வெறும் கோடாகிவிடும், நாற்காலி மற்றதை மறைக்கும். கண் மட்டத்துக்கு ஏற்றினால் சாய்க்காமல் இருக்க முடியாது.

திரையில் கட்டக் கோடுகளையும் எலக்ட்ரானிக் லெவலையும் போட்டுக்கொள்ளுங்கள். லெவல் பச்சை காட்டினாலும் நிறுத்திவிடாதீர்கள். படத்தின் ஓரத்தில் இருக்கும் கதவுச் சட்டத்தை ஒரு கட்டக் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி அரை டிகிரி அங்கேதான் பிடிபடும். கேமரா சமமாக நிற்கும்போது மேற்கூரை நிறைய வந்துவிடும். வரட்டும். அதற்காகச் சாய்க்காமல், பிறகு மேலே வெட்டிக்கொள்ளுங்கள். மென்பொருளில் கோடுகளை நிமிர்த்தலாம்தான். ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் பறிபோகும். இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் திருத்தினால் நாற்காலிகள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் மாறிவிடும்.

கேள்வி: அறை முழுக்கத் தெளிவாக வர எஃப் 22 வைக்கலாமா? எங்கே ஃபோகஸ் செய்வது?

வேண்டாம். எஃப் எண் என்பது லென்ஸின் துவாரத்தின் (அப்பர்ச்சர்) அளவு; எண் கூடினால் துவாரம் சுருங்கும். எஃப் 16, 22 என்று போகும்போது ஒளி துவாரத்தின் விளிம்பில் சிதறி, படம் முழுக்கவே மென்மையாகிவிடும். எஃப் 8 போதும். கிராப் சென்சாரில் 16 எம்எம், எஃப் 8 வைத்து 1.6 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் 80 செ.மீ.யிலிருந்து கடைசிச் சுவர் வரை தெளிவாக இருக்கும். ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார்) 24 எம்எம் என்றால் 2.4 மீட்டரில் ஃபோகஸ், 1.2 மீட்டரிலிருந்து தெளிவு. ஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, டிரைபாட், இரண்டு நொடி டைமர். லென்ஸில் அதிர்வு தடுப்பு இருந்தால் டிரைபாடில் அதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன். மேஜையில் ஒரு டம்ளர் மட்டும் தெளிவாக இருக்கிறது, மற்றதெல்லாம் மங்கல். அறையும் பாதிகூட வருவதில்லை.

அறையைக் காட்ட இது தோதான லென்ஸ் இல்லை. கிராப் சென்சாரில் மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் 1.4 மீட்டர் அகலம்தான் பிடிக்கும். ஆனால் அறையை விட்டுவிட்டு மேஜையை மட்டும் எடுக்க இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. ஒரு மூலையில் இரண்டு நாற்காலி, பாதி மேஜை, அடுக்கிய தட்டு என்று எடுத்துப் பாருங்கள். எதுவும் இழுபடாது, நீட்டாது.

மங்கலுக்குக் காரணம் அப்பர்ச்சர். கிராப் சென்சாரில் 1.5 மீட்டர் தூரத்திலிருந்து எஃப் 1.8இல் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஆறேழு செ.மீ.தான். எஃப் 5.6இல் அது 20 செ.மீ. ஆகிறது, எஃப் 8இல் 30ஐ நெருங்குகிறது. ஓர் ஆள் சாப்பிடும் இடம் முழுக்கத் தெளிவாக வேண்டுமென்றால் 5.6இல் தொடங்குங்கள். இன்னொரு வழியும் உண்டு. தெளிவாக இருக்க வேண்டிய பொருள்களை முன்னும் பின்னுமாக வைக்காமல், சென்சாருக்கு இணையாக ஒரே வரிசையில் வையுங்கள். மூன்று டம்ளரும் ஒரே தூரத்தில் இருந்தால் எஃப் 2.8இல்கூட மூன்றும் தெளிவாக வரும், பின்னணி அழகாக மங்கும். 1.8 லென்ஸ் வாங்கியதன் பலன் அப்போதுதான் கையில் கிடைக்கிறது.

கேள்வி: ஜன்னல் வெளுத்துப்போகிறது. ஜன்னலுக்கு ஏற்றபடி எடுத்தால் அறை இருட்டு. இரண்டும் ஒன்றாக வர என்ன செய்வது?

முதலில் நேரத்தை மாற்றுங்கள். வெயில் நேரடியாக அந்த ஜன்னலில் விழாத வேளையில், அல்லது மேகமூட்டமான நாளில், வெளிச்ச வித்தியாசம் பாதியாகக் குறையும். மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை இருந்தால் இழுத்துவிடுங்கள். அறைக்குள் வரும் வெளிச்சமும் சீராகும்.

அப்படியும் மிஞ்சினால் ஒரே இடத்திலிருந்து மூன்று எக்ஸ்போஷர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம்) எடுக்க வேண்டும். அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) எதையும் தொடக்கூடாது. ஷட்டர் (ஒளி விழும் நேரம்) மட்டும் மாறட்டும். அறைக்குச் சரியானது அரை நொடி என்றால், ஜன்னலுக்கு 1/8 நொடி, மேஜைக்கு அடியில் இருக்கும் நிழலுக்கு 2 நொடி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்டாப் இடைவெளி (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி). வெளியே கொளுத்தும் வெயில் என்றால் 1/30 நொடியில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். திரைச்சீலையோ தொங்கும் விளக்கோ ஆடினால் மூன்று படமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் பேய் உருவம் போலத் தெரியும். எல்லாமே ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் பதிவு) இருக்கட்டும்.

சேர்க்கும்போதுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தானியங்கி எச்டிஆர் (படங்களை மென்பொருளே சேர்ப்பது) நிழலையெல்லாம் தூக்கிவிட்டு, அறையைச் சாம்பல் பூத்ததுபோல் ஆக்கிவிடும். அறைக்கான படத்தை அடிப்படையாக வைத்து, ஜன்னல் பகுதியை மட்டும் இருண்ட படத்திலிருந்து மென்மையான தூரிகையால் கொண்டுவருவது மேல். அப்போதும் ஜன்னலை அறையைவிட ஒரு ஸ்டாப்பாவது வெளிச்சமாக விடுங்கள். வெளியே பகல், உள்ளே நிழல் என்பதுதான் கண்ணுக்குப் பழகிய உண்மை. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் ஜன்னல் சுவரில் ஒட்டிய போஸ்டர்போல இருக்கும்.

கையில் தனி ஃபிளாஷ் இருந்தால், வெள்ளை மேற்கூரையில் பட்டுத் திரும்பும்படி உங்களுக்குப் பின்பக்கமாக மேல்நோக்கித் திருப்பி, 1/4 சக்தியில் தொடங்கிப் பாருங்கள். வண்ணம் பூசிய கூரை என்றால் அந்த வண்ணம் மேஜை முழுக்க இறங்கும். அங்கே இந்த வழி வேண்டாம்.

கேள்வி: மேஜைக்கு மேலே உள்ள விளக்கைப் போட்டால் மேஜை மஞ்சள், ஜன்னல் பக்கம் நீலம். சில படங்களில் கறுப்புப் பட்டைகளும் வருகின்றன.

மஞ்சள் விளக்கு 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடக் கூட நீலம்). பகல் வெளிச்சம் 5500 அல்லது அதற்கும் மேல். ஒரே ஒயிட் பேலன்ஸ் இரண்டுக்கும் பொருந்தாது. பகலில் எடுக்கும்போது விளக்கை அணைத்துவிடுவதே எங்கள் சிபாரிசு. விளக்கு எரிவது தெரிய வேண்டும் என்றால், அணைத்து ஒரு படம், போட்டு ஒரு படம் எடுத்து, இரண்டாவதிலிருந்து விளக்குக் கூட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேஜையில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துவைத்தால் நிறத்தைப் பிறகு ஒரே சொடுக்கில் சரிசெய்யலாம்.

கறுப்புப் பட்டைக்குக் காரணம் எல்இடி விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், விளக்கு மங்கிய நேரத்தில் படித்த வரிகள் கறுப்பாகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100, 1/50, 1/25 நொடி வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60, 1/30. டிரைபாடில் அரை நொடி, ஒரு நொடி என்று எடுப்பவருக்கு இந்தத் தொல்லையே வராது.

கேள்வி: மேஜையின் மேல் கண்ணாடி இருக்கிறது. ஜன்னல் அதில் அப்படியே தெரிகிறது. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) வாங்கினால் போய்விடுமா?

எந்தக் கோணத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கண்ணாடி, வார்னிஷ், லேமினேட் போன்ற பரப்புகளில், பரப்பிலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி மேலே இருந்து பார்க்கும்போதுதான் போலரைசர் முழு வேகத்தில் வேலை செய்யும். 120 செ.மீ. உயரத்தில் கேமராவை வைத்து, 2 மீட்டர் தள்ளியிருக்கும் மேஜையைப் பார்த்தால் கோணம் 13 டிகிரிகூட இல்லை. அங்கே பிரதிபலிப்பு கொஞ்சம்தான் குறையும். மேஜையிலிருந்து 65 செ.மீ. தூரத்தில் அதே உயரத்திலிருந்து எடுக்கும் நெருக்கப் படத்தில் துடைத்துவிட்டதுபோல் போய்விடும். உலோகப் பாத்திரத்தின் பளபளப்பை அது தொடாது.

அறைப் படத்துக்கு இடத்தை மாற்றுவதே வழி. ஜன்னல் எதிரே இருந்தால்தான் அது கண்ணாடியில் விழுந்து உங்களிடம் வருகிறது. ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்படி நில்லுங்கள். அல்லது மேஜை நடுவில் துணி விரித்து அந்த இடத்தை மறையுங்கள். போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் குடிக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். மர மேஜை என்றால் பளபளப்பை முழுசாக நீக்காமல் பாதியில் நிறுத்துங்கள். துளி மினுமினுப்பும் இல்லாத மரம் உயிரற்றுத் தெரியும்.

கேள்வி: புது லென்ஸில் எல்லாப் படத்திலும் இடது ஓரம் மட்டும் மங்கல். மாற்றித்தரக் கேட்கலாமா?

நான்கு மூலையும் சமமாகக் கொஞ்சம் மென்மையாக இருந்தால் அது வைடு லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் என்றால் சோதிக்க வேண்டியதுதான். தட்டையான சுவரில் நடுவிலும் நான்கு மூலையிலும் செய்தித்தாள் பக்கங்களை ஒட்டுங்கள். கேமராவைச் சுவருக்கு இணையாக டிரைபாடில் நிறுத்தி, முழுசாகத் திறந்த அப்பர்ச்சரில், ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து மூன்று படம் எடுங்கள். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பொருத்தி இன்னும் மூன்று. முதலில் சுவரின் இடது பக்கத் தாள் மங்கி, தலைகீழாக்கியதும் வலது பக்கத் தாள் மங்கினால் குறை லென்ஸில்தான். இரண்டு முறையும் இடது தாளே மங்கினால் கேமரா சுவருக்கு இணையாக நிற்கவில்லை. சரிசெய்துவிட்டு மறுபடி எடுங்கள். குறை உறுதியானால் அந்த ஆறு படங்களையும் வெட்டாமல், திருத்தாமல் பில்லோடு சேர்த்து, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் கொடுங்கள்.