தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டீர்களே, தம்பி

கேள்வி: என் அப்பா நாதஸ்வர வித்துவான். 2019இல் காலமானார். 2012இல் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அவர் வாசித்ததை அண்ணா தன் காசில் ஆள் பிடித்து ஒலிப்பதிவு செய்தார். இப்போது ரொறன்ரோவில் இருந்துகொண்டு அதைத் துண்டு துண்டாக யூரியூப்பில் போட்டு உழைக்கிறார். எனக்கு ஒரு சதமும் தரவில்லை. தனித்தவில் பகுதியைத்தான் ஆகக் கூடுதலான பேர் பார்த்திருக்கிறார்கள். அன்று தவில் வாசித்த மாமாகூட ஒருநாள் வீட்டுக்கு வந்து, தன் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டோம். ஒருவர் இறந்து 70 வருடத்துக்கு அவருடைய உரிமை பிள்ளைகளுக்குத்தான் என்கிறார்கள். அண்ணா மேல் வழக்குப் போடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, அப்பாவின் கலையில் அண்ணன் உழைக்கிறான், எனக்குப் பங்கில்லை என்ற கடிதம் எனக்குப் புதிதில்லை. நாதஸ்வரக்காரர் வீட்டிலிருந்தும் வரும், கூத்துக்காரர் வீட்டிலிருந்தும் வரும். உங்கள் கடிதத்தில் நான் அண்ணாவைத் தாண்டிப் போய் நின்றது அந்தத் தேத்தண்ணியில்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் இறந்தபின் 70 ஆண்டு என்று இருப்பது ஆக்கியவருக்கு, அதாவது பாட்டை இயற்றியவருக்கு. அப்பா அன்று வாசித்தது தியாகராஜர் கீர்த்தனை என்றால், அவர் மறைந்தது 1847இல். அதை இன்று யாரும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. அப்பாவே இயற்றிய உருப்படி ஏதும் இருந்தால் மட்டும் அந்த 70 ஆண்டு பேச்சுக்கு வரும். மற்றபடி அப்பாவுக்கு இருந்தது வாசித்த கலைஞர் என்ற உரிமை. பதிவான வாசிப்புக்கு அது 50 ஆண்டு, உங்கள் விஷயத்தில் 2062 முடியும்வரை. அந்தப் பதிவை எல்லாரும் கேட்கும்படி இணையத்தில் போடும்போது வாசித்தவரின் சம்மதமும் கணக்கில் வரும். இது வரைக்கும் உங்கள் பக்கம் சரி.

ஆனால் தன் காசில், தன் பொறுப்பில் பதிவு செய்தவர் அண்ணா. ஒலிப்பதிவைத் தயாரித்தவர் என்ற உரிமை அவருக்கும் இருக்கிறது, அதற்கும் 50 ஆண்டு. அண்ணா களவெடுத்தார் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. அப்பாவின் உரிமையில் அம்மாவுக்கும் பங்கு இருக்கிறது. கடிதத்தில் அம்மாவை நீங்கள் ஓரிடத்திலும் காட்டவில்லை.

இனித் தவில் மாமாவுக்கு வருவோம். அப்பாவுக்கு இருந்த அதே உரிமை, ஒரு நூல்கூடக் குறையாமல், அவருக்கும் இருக்கிறது. தவில் பக்கவாத்தியம்தானே, அதற்கு அரைப் பங்கு போதும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. உங்களிடம் இருப்பது வாரிசாக வந்த உரிமை. அவரிடம் இருப்பது விரல்களில் கூடு மாட்டி, தோளில் வார் பதியப் பதிய வீதி முழுக்கச் சுமந்து அடித்து அவரே உழைத்தது. அவர் உயிரோடு இருக்கிறார், உங்கள் வாசலுக்கே வந்தார். உபயகாரர் கொடுத்த சன்மானம் அன்றைய திருவிழாவுக்கு மட்டும்தான். அதை வாங்கிவிட்டார் என்பதற்காக ரொறன்ரோவில் ஒருவர் அந்த வாசிப்பைப் போட்டு விளம்பரக் காசு எடுக்கலாம் என்று ஆகிவிடாது.

ஆகக் கூடுதலான பேர் பார்த்தது தனித்தவில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியில் நாதஸ்வரம் இல்லையே, தம்பி! அப்பா பக்கத்தில் நின்று தாளம் போட்டிருப்பார். அந்தக் காசில் உங்களுக்குப் பங்கு வரவில்லை என்று எனக்கு இவ்வளவு நீளமாக எழுத உங்களுக்கு மனம் வந்திருக்கிறது. அடித்த மனுசன் காசுகூடக் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டார். அண்ணாவும் நீங்களும் எல்லாவற்றிலும் முரண்பட்டு நிற்கிறீர்கள், அவரை ஒதுக்குவதில் மட்டும் ஒன்றாக இருக்கிறீர்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி மறைந்தது 1975இல். இன்றைக்கும் தவில் என்றதும் அவர் பெயரை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற ஊர் இது. இங்கே ஒரு தவில்காரர் தன் பெயருக்காகப் படியேறி வந்து கேட்க வைத்துவிட்டீர்கள்.

என் எண்ணத்தை மறைக்கவில்லை. மேளகாரர் வீட்டுப் பிள்ளைக்கு, அப்பாவோடு தோளோடு தோள் நின்று வாசித்தவர் சொந்தச் சித்தப்பா மாதிரித்தான். அப்பாவின் சொத்தில் பங்கு கேட்கிறவர், அப்பா பட்ட கடனையும் ஏற்க வேண்டும். அந்தத் திருவிழாவில் அப்பாவுக்கு இருந்த பெரிய கடன் அவர்தான்.

வழக்குக் கதைக்கு வருகிறேன். இந்தச் சட்டத்தின் கீழ் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் போட முடியாது, கொழும்பில் வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எதிராளி கனடாவில். அண்ணாவின் கணக்கை நீங்கள் பார்த்தீர்களா? 100 டொலர் சேர்ந்தால்தான் யூரியூப் காசை விடும். எத்தனை தரம் அப்படிச் சேர்ந்திருக்கிறது என்று கேட்காமலே சட்டத்தரணிக்கு முற்பணம் கட்டாதீர்கள். யூரியூப்பில் முறைப்பாடு கொடுத்து வீடியோவைத் தூக்க வைக்கலாம்தான். 90 நாளுக்குள் மூன்று தரம் அப்படி விழுந்தால் அண்ணாவின் சனலே போய்விடும். அதோடு மாமாவின் தவிலும் போய்விடும்.

இந்தக் கிழமையே மாமா வீட்டுக்குப் போங்கள். அவரைத் திரும்பவும் உங்கள் வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்று வாசித்த எல்லார் பெயரையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள்: இரண்டாவது நாதஸ்வரம், மற்றத் தவில், சுருதி, தாளம். அவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும். அப்புறம் அண்ணாவை வீடியோ அழைப்பில் எடுத்து மாமாவோடு கதைக்க விடுங்கள், நீங்கள் இடையில் புகாதீர்கள். பெயர்கள் அன்றைக்கே வீடியோக்களின் கீழ் ஏறட்டும், தனித்தவிலில் மாமாவின் பெயர் தலைப்பிலேயே வரட்டும். காசை எப்படிப் பிரிப்பது என்பதை எழுத்தில் வைத்து எல்லாரும் கையொப்பம் இடுங்கள். அம்மாவின் பங்கையும் அதில் எழுத மறக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தபிறகும் அண்ணா முரண்டு பிடித்தால், அந்தத் தாளின் பிரதியோடு எனக்குத் திரும்ப எழுதுங்கள். அப்போது அண்ணாவுக்கு அறிவித்தல் அனுப்புகிற விஷயத்தைப் பார்ப்போம். அறிவித்தலில் முதல் கையொப்பம் மாமாவுடையதாக இருக்கட்டும்.