செல்போன் கேமரா: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: போன் வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது. சில்வர் பீச்ல போட்டோ எடுத்தா எல்லாம் பனிமூட்டம் மாதிரி விழுது, காலைல எடுத்தா மூஞ்சி கருப்பா இருக்கு. வேற போன் மாத்திடவா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேணவே வேணாம்மா, காச எடுத்து உள்ள வைங்க. முதல்ல போன திருப்பி டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சு பின்னாடி லென்ஸ பாருங்க, கண்ணாடி மேல பாலாடை மாதிரி லேசா ஒரு படலம் தெரியும், அதுக்கு நடுவுல உங்க விரல் ரேகை வேற இருக்கும். உங்க பனிமூட்டம் அதுதான். அலை சாரல் பட்டு தண்ணி காஞ்சதும் உப்பு அங்கயே ஒட்டிக்குது, வெளிச்சம் அதுல பட்டு செதறிடுது, அதான் படம் வெளுத்துப் போகுது. இத பாத்த ஒடனே முந்தானையால தேய்ச்சிடாதீங்க, உப்பும் மணலும் சேர்ந்து லென்ஸ் கோட்டிங்க கீறிடும், பழைய காட்டன் துணிய நல்ல தண்ணில நனைச்சு ஒட்டப் பிழிஞ்சு மெதுவா ஒத்தி எடுத்துட்டு, அப்புறமா மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால துடைங்க.

மூஞ்சி கருக்குற கதை வேற. நமக்கு கடல் கிழக்கால இருக்கு, காலைல சூரியன் கடலுக்கு மேல நிக்கும்போது நாம எல்லாரையும் கடலுக்கு முதுக காட்டி நிக்க வைக்கிறோம், போன் அந்தப் பளீர்னு இருக்கிற வானத்துக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்த கொறைச்சிக்கும், மூஞ்சி இருட்டாயிடும். எங்க பெரியம்மாவ புதுச்சேரி காந்தி சிலை கிட்ட இப்படியே எத்தனையோ தடவ எடுத்து வீணாக்கியிருக்கேன். ஒருநாள் காலைல, “பெரியம்மா, அப்படியே கடல பாத்து நில்லுங்க”ன்னு சொல்லி நான் கடல் பக்கமா போய் நின்னு எடுத்தேன், மூக்குத்தி கல்லுல ஒரு பொட்டு வெளிச்சம், காத்துல பறக்குற நரைமுடி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரிஞ்சுது, இன்னிக்கும் அவங்க வீட்டு ஹால்ல அந்தப் படம்தான் மாட்டியிருக்கு. கடலும் பின்னாடி வேணும்னா சாயங்காலம் 4 மணிக்கு மேல போங்க, அப்ப வெயில் ஊர்ப்பக்கம் இருந்து வரும், கடல் முதுகுக்குப் பின்னாடி இருந்தாலும் மூஞ்சில வெளிச்சம் விழும். காலைலயேதான் எடுக்கணும்னா ஸ்கிரீன்ல மூஞ்சி மேல கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, ஃபோகஸ் லாக் ஆகும், பக்கத்துல வர்ற சூரியன் குறிய மேல தள்ளுனா மூஞ்சி வெளுக்கும். வானம் வெள்ளையாயிடும்தான், ஆனா நாம எடுக்கறது ஆளையா வானத்தையான்னு பாத்துக்கணும்.

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துல மண்டபத்துக்குள்ள எடுத்த வீடியோல கோடு கோடா ஓடிட்டே இருக்கு, லைட்டு துடிக்குது. போன் கோளாறா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போன் நல்லாதாங்க இருக்கு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 சுத்து, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ லைட்டு மங்கி எரியும், அதனால பல எல்இடி லைட்டுங்க செகண்டுக்கு 100 தடவ துடிக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது. போன்ல வீடியோ பெரும்பாலும் செகண்டுக்கு 30 ஃப்ரேம்ல, அதாவது 30 படமா இருக்கும், 100-அ 30-ஆல வகுத்தா மீதி நிக்குது பாருங்க, அந்த மீதிதான் கோடா ஓடுது. 25 இல்லன்னா 50 ஃப்ரேம் வைங்க, சரியாப் பொருந்தும். ஐபோன்னா செட்டிங்ஸ்ல கேமரா, அதுக்குள்ள ரெக்கார்ட் வீடியோ, அங்க ‘ஷோ பால் ஃபார்மட்ஸ்’ (Show PAL Formats) ஆன் பண்ணாதான் 25 கண்ணுல படும். ஆண்ட்ராய்டுல புரோ வீடியோன்னு ஒரு மோடு இருந்தா ஷட்டர் வேகத்த 1/50 செகண்ட் இல்லன்னா 1/100 செகண்ட்ல வைங்க. இத முகூர்த்தத்துக்கு முன்னாடியே மேடை லைட்ட போடச்சொல்லி ஒருதடவ எடுத்துப் பாத்துடுங்க, தாலி கட்டுறத திருப்பி எடுக்க முடியாது.

கேள்வி: என் போன்ல பளிச்சுனு இருக்கிற படம் வாட்ஸ்அப்ல அனுப்புனா மங்கிடுதே?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அனுப்பும்போது அது படத்த சுருக்கிடுதுங்க. கேலரி வழியா போகாம, பேப்பர் கிளிப் மாதிரி இருக்கிற குறிய (ஐபோன்னா + குறிய) அழுத்தி டாக்குமெண்ட்னு இருக்கிறதுல போய் படத்த எடுத்து அனுப்புங்க, எடுத்தது எடுத்தபடி போகும், ஃபைல் மட்டும் பெருசா இருக்கும்.