வீட்டு நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர் தெரியவில்லையா? கேள்வி பதில்

கேள்வி: இரண்டு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப், மூன்றும் விண்டோஸ் 11. எக்ஸ்புளோரரில் ‘நெட்வொர்க்’ திறந்தால் டெஸ்க்டாப் மட்டும் வருவதில்லை. எல்லாம் ஒரே வைஃபைதான் சார்.

பதில்: தெரியாதது வேறு, எட்டாதது வேறு. முதலில் அதைப் பிரித்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை கொடுத்தால் ஐபிவி4 முகவரி கிடைக்கும். அது 192.168.1.20 என்றால், லேப்டாப்பில் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஃபோல்டர்கள் வந்தாலும் சரி, பாஸ்வேர்டு கேட்டாலும் சரி, இணைப்பில் குறையில்லை. டெஸ்க்டாப் தன்னை அறிவித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அறிவிப்பு என்பது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (பலருக்கு ஒரே நேரத்தில் போகும்) முகவரிக்கு, யுடிபி 3702 போர்ட்டில் போகிற செய்தி. அதை அனுப்புவது ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற, விண்டோஸின் பின்னணியில் ஓடும் சர்வீஸ். பலர் இதைத் தேடுகிற லேப்டாப்பில் ஓடவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஓட வேண்டியது காணாமல் போன கம்ப்யூட்டரில். டெஸ்க்டாப்பில் சர்வீசஸ் விண்டோவைத் திறந்து, அதன் ஸ்டார்ட்அப் வகையை ‘மேனுவல்’ என்பதிலிருந்து ‘ஆட்டோமேட்டிக், டிலேய்ட் ஸ்டார்ட்’ என்று மாற்றி, ஸ்டார்ட் கொடுங்கள். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் ‘ப்ரைவேட்’ ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘பப்ளிக்’ ஆக இருந்தால் ஃபயர்வால் இந்தச் செய்தியை மறித்துவிடும்.

கேள்வி: ஐபி முகவரி அடித்தும் வரவில்லை. லேப்டாப் 192.168.1.5, டெஸ்க்டாப் 192.168.0.12.

பதில்: மூன்றாவது எண்ணே சொல்லிவிடுகிறது: உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர், இரண்டு தனி நெட்வொர்க். இரண்டாவது ரவுட்டரில் ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ மோட் இருந்தால் அதற்கு மாற்றுங்கள், முடிந்தது. இல்லையென்றால் இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் அதன் லேன் (வீட்டுப் பக்க) முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள், வேறு எதற்கும் அந்த எண் போயிருக்கக் கூடாது. பிறகு அதன் டிஹெச்சிபியை, அதாவது கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள். கடைசியாக, வான் (WAN, இணையப் பக்க) போர்ட்டில் இருக்கும் கேபிளைப் பிடுங்கி லேன் போர்ட்டில் செருகுங்கள். வரிசை மாறினால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஹெச்சிபி முகவரி கொடுத்துக் குழப்பும்.

கேள்வி: எனக்கு ஐபி முகவரியே 169.254 என்று தொடங்குகிறது.

பதில்: ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை. கேபிளையும் வைஃபை பாஸ்வேர்டையும் பாருங்கள். ஷேரிங் பிறகு.

கேள்வி: கெஸ்ட் வைஃபையில் இருக்கிறேன், பரவாயில்லையா?

பதில்: கூடாது. கெஸ்ட் வைஃபை வீட்டுக் கம்ப்யூட்டர்களிடமிருந்து பிரித்துவைக்கத்தான் இருக்கிறது.

கேள்வி: எஸ்எம்பி1 (விண்டோஸின் பழைய ஃபைல் ஷேரிங் முறை) ஆன் செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: தெரியும். அதை நம்பியிருந்த பழைய ‘கம்ப்யூட்டர் பிரவுசர்’ சர்வீஸ் (நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்களைப் பட்டியலிடுவது) அப்போது உயிர்பெறும். ஆனாலும் செய்யாதீர்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

கேள்வி: அந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே அடைத்துவிட்டதே! வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் என்ன ஆபத்து? என் பழைய நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) எஸ்எம்பி1 தவிர எதுவும் பேசாது.

பதில்: அடைத்தது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஸ்எம்பி1-இல் என்க்ரிப்ஷன் கிடையாது. வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டருக்குத் தொற்று வந்தால் ரவுட்டர் நடுவில் நின்று தடுக்கப்போவதில்லை. முதலில் நாஸின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, எஸ்எம்பி2 வருகிறதா பாருங்கள். வரவே வராது என்றால், ஒரே ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஃபீச்சர்ஸைத் திறந்து எஸ்எம்பி 1.0-க்குக் கீழே ‘கிளையன்ட்’ மட்டும் டிக் செய்யுங்கள். ‘சர்வர்’ வேண்டாம். அந்த நாஸில் முக்கியமான கோப்புக்கு இருக்கும் ஒரே பிரதியை வைக்காதீர்கள்.

கேள்வி: என் நாஸ் எஸ்எம்பி3 பேசும், ஆனால் பட்டியலில் வருவதில்லை. எஸ்எம்பி1 ஆன் செய்யலாமா?

பதில்: வேண்டாம்! நாஸின் செட்டிங்ஸில் ‘டபிள்யூஎஸ்-டிஸ்கவரி’ (முதல் பதிலில் சொன்ன அறிவிப்பு முறை) என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். லினக்ஸில் சாம்பா (விண்டோஸோடு கோப்பு பகிரும் மென்பொருள்) ஓட்டுகிறவர்கள், அதே அறிவிப்பை அனுப்பும் டபிள்யூஎஸ்டிடி (wsdd) நிறுவினால் போதும்.

கேள்வி: கம்ப்யூட்டர் தெரிகிறது, ஆனால் விண்டோஸில் நுழையக் கொடுக்கும் பின் (PIN) நம்பரை ஏற்கவில்லை.

பதில்: பின் நம்பர் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும். நெட்வொர்க்கில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கொடுங்கள். லோக்கல் கணக்கு என்றால் அதற்குப் பாஸ்வேர்டு இருந்தாக வேண்டும். வெற்றுப் பாஸ்வேர்டை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக ஏற்காது.

கேள்வி: ஃபயர்வாலை ஆஃப் செய்து பார்க்கவா?

பதில்: வேண்டாம். நெட்வொர்க்கை ‘ப்ரைவேட்’ ஆக்கி, நெட்வொர்க் டிஸ்கவரியையும் ஃபைல் ஷேரிங்கையும் ஆன் செய்தால் தேவையான போர்ட்கள் தாமாகத் திறக்கும். முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: விண்டோஸில் வீட்டுப் பகிர்வுக்கு இருந்த ஹோம்குரூப் எங்கே போனது?

பதில்: 2018-இல், விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில் நீக்கிவிட்டார்கள்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான் சார். சர்வீஸை மாற்றியதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் மறுபடி காணோம்.

பதில்: தூங்கிவிட்டது. பவர் செட்டிங்ஸில் ‘ஸ்லீப்’ நேரத்தை ‘நெவர்’ ஆக்குங்கள். திரை மட்டும் அணைந்தால் போதும்.