இரவு பத்தரை மணிச் செய்தி

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் மூன்று ஆண்டுகளாகத் தலைமையாசிரியையாக இருக்கிறேன். பள்ளி ஒரு குடும்பம் என்று எத்தனையோ முறை சொல்லியும் ஆசிரியர்கள் எட்டுப் பேரும் கடனுக்கு வந்து போகிறார்கள். இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தியைக்கூட மறுநாள் காலையில்தான் பார்க்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுத்தல் வரவில்லை. கணக்கு ஆசிரியைக்கு மெமோவும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். இவர்களிடம் எப்படி வேலை வாங்குவது?

பதில்: ஆசிரியர்களின் அக்கறையின்மைக்குச் சான்றாக நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பத்தரை மணியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை, அம்மா. அந்த நேரத்தில் உங்கள் கணக்கு ஆசிரியை மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் தலைசாய்த்திருப்பார். அதுவும் கடமைதான், பள்ளிக் கடமைக்கு அது எள்ளளவும் குறைந்ததில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அப்படி என்ன அவசரம் என்று, மாதிரிக்கு நீங்கள் இணைத்திருந்த செய்தியைப் பார்த்தேன். வங்கிக் கணக்கு இல்லாத மாணவர் பட்டியல் காலை 9.30 மணிக்குள் வேண்டுமாம். வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து மாலையில் வந்ததை இரவில் அப்படியே கீழே தள்ளிவிட்டிருக்கிறீர்கள். மறுநாள் முதல் பாடவேளையில் அந்த ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பாமல், ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிப் பாஸ்புக் உண்டா என்று கேட்டுக்கொண்டிருப்பார். வகுத்தல் அங்கேதான் போயிற்று; மெமோ மட்டும் அவருக்கு வந்தது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரப் பணி என்று வகுத்தபோது, பாடத்துக்கு ஆயத்தமாகும் நேரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை அமர்த்தக் கூடாது என்று அதன் 27-ஆம் பிரிவு சொல்கிறது. (எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவது அந்தத் தடைக்குள் அடங்குமா என்று வழக்காட நான் வரவில்லை.) அந்த ஆயத்த நேரத்தைக் காக்க வேண்டியவரே அதைத் தின்றுவிட்டு, பாடம் சரியில்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்?

குடும்பம் என்றீர்கள். வீட்டுப் பெரியவர் வெளியிலிருந்து வரும் தொல்லையைத் திண்ணையிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவாரே தவிர, உள்ளே உறங்குகிறவர்களை எழுப்பி அவர்கள் தலையில் கட்டமாட்டார்.

மெமோவை எட்டுப் பேர் முன்னிலையிலேயே திரும்பப் பெறுங்கள். பள்ளி விட்ட பிறகு குழுவில் எதையும் போடாதீர்கள். பட்டியலுக்கு வேண்டியதில் பாதி உங்கள் அறைப் பதிவேடுகளிலேயே இருக்கும். அதை நீங்களே எடுத்து எழுதிவிட்டு, மீதிக்கு ஒருநாள் அவகாசம் வேண்டும் என்று அலுவலரிடம் கேளுங்கள். அவர் கடிந்துகொண்டால் அந்தச் சொல்லை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நீண்ட கடிதத்தில் ஒரு வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்ததாக ஒரு வரிகூட இல்லை. நாளை முதல் பாடவேளையில் ஆறாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் போய் உட்காருங்கள். கையில் பதிவேடு வேண்டாம்.